காயம் இல்லாத சாவு

"பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மின்சாரம் தாக்கியதற்கான காயம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. இதயத் தமனியில் அடைப்பு காணப்பட்டுள்ளது. ஆகவே இது விபத்து மரணம் அல்ல. தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது." காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தில் விஷயம் இவ்வளவுதான். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த அம்மா, அதை ரேஷன் கார்டோடும் கணவரின் இறப்புச் சான்றிதழோடும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கடிதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நுகர்வோர் மன்றத்துக்குப் போக இரண்டு வருஷக் கெடு. அதில் மிச்சம் இருந்தது கொஞ்ச நாள்தான்.

"கை வால்வுலயே ஒட்டிக்கினு இருந்துச்சுங்க ஐயா. எங்க கொழுந்தனாரு மெயினை எறக்கினப்புறந்தான் விட்டுச்சு. காயம் இல்லன்னா கரண்டே இல்லன்னு எப்படிங்க சொல்றாங்க?" என்று கேட்டார்.

வழக்கின் சாரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அதை நான் புரிந்துகொள்ள இயற்பியலும் மருத்துவமும் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

நடந்தது இது. தை மாதம். மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மும்முனை மின்சாரம் விடியற்காலையில்தான் வரும் முறை. நாற்பது வயதைத் தாண்டாத மனிதர், இருட்டிலேயே எழுந்து மோட்டார் கொட்டகைக்குப் போயிருக்கிறார். ஐந்து குதிரைத்திறன் மோட்டார், திறந்தவெளிக் கிணறு. ஃபுட்வால்வு ஒழுகும் என்பதால் ஒவ்வொரு முறையும் பம்புக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பித்தான் ஓட்ட வேண்டும். ஊற்றும்போது கை, கால், வேட்டி, சிமெண்டுத் தரை எல்லாம் நனைந்துவிடும். செருப்பு போட்டுக்கொண்டு யாரும் கொட்டகைக்குள் போவதில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தி மோட்டார் ஓடத் தொடங்கியதும் கேட் வால்வைத் திறக்க இரும்புக் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். தண்ணீர் வாய்க்காலுக்கு வரவே இல்லையே என்று தம்பி பார்க்கப் போனபோது, அண்ணன் வால்வின் மேல் கவிழ்ந்து கிடந்தார். தோளைத் தொட்ட தம்பிக்குச் சுரீரென்று இழுத்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினார். அப்போதுதான் கை விட்டது.

இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் காவல் நிலையத்தில் அன்றே கொடுத்த புகாரில் மின்சாரம் என்ற சொல்லே இல்லை. "மோட்டார் போடப் போனவர் மயங்கி விழுந்து கிடந்தார்" என்றுதான் தம்பி எழுதிக் கொடுத்திருந்தார். ஏன் என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். மின் இணைப்பு இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்தது, பெயர் மாற்றவில்லை. கரண்டால் செத்தார் என்று எழுதினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள், பூவும் பிஞ்சுமாக நிற்கும் பயிர் கருகிவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பயத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 10,000 பேருக்கும் மேல் என்று தேசியக் குற்றப் பதிவுகள் காட்டுகின்றன. மயங்கி விழுந்ததாக எழுதப்பட்டு அந்தக் கணக்குக்குள் வராமலே போகிறவர்களும் இருக்கிறார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உண்மையைச் சொன்னால் பிழைப்பு போய்விடுமோ என்று ஒரு குடும்பம் யோசிக்க வேண்டியிருப்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பஞ்சாயத்தார் முன்னிலையில் நடந்த பிண விசாரணை அறிக்கையில் மட்டும், மின்சாரம் தாக்கியிருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன்.

நிறுவனத்தின் வக்கீல் அனுபவசாலி. நாலு வாதம் வைத்தார். முதலாவது, உடலில் காயம் இல்லை. இரண்டாவது, உள்ளுறுப்புகளின் திசு ஆய்வில் இதயத் தமனி ஒன்று ஓரளவு அடைபட்டிருந்தது, ஆகவே மாரடைப்பு. மூன்றாவது, அதே மோட்டாரை அந்தக் குடும்பமே பல வருஷமாக ஓட்டியிருக்கிறது, ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை. நாலாவதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது: மோட்டாரில் கசிவு இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்க வேண்டும், ஃபியூஸ் அப்படியே இருந்தது.

நாலாவது வாதத்தில் மன்றத் தலைவரே தலையசைத்ததைக் கவனித்தேன். படித்தவர்களும் ஃபியூஸ் மனிதனைக் காப்பாற்றும் என்றுதான் நினைக்கிறார்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒவ்வொரு முனையிலும் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. அதைத் தாங்கும்படிதான் ஃபியூஸ் கம்பி போடுவார்கள். மனிதனைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். அந்தப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போவதை ஃபியூஸ் உணரவே உணராது. அது கம்பியும் மோட்டாரும் எரிந்துபோகாமல் காக்க வைத்த சாதனம். மனிதனைக் காக்க வேறு ஒன்று இருக்கிறது. போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமா என்று அது சதா பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்கேயோ ஒழுகினாலே கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளில் ஆர்.சி.சி.பி. என்று எலக்ட்ரீஷியன்கள் மாட்டுகிற சாதனம் அது. அந்தக் கொட்டகையில் அது இல்லை.

மூன்றாவது வாதத்துக்குப் பதில் கிடைத்த விதம் வேறு. மோட்டாரை நேரில் பார்க்கவேண்டும் என்று ஊருக்குப் போனேன். அங்கே இருந்தது காயில் புதிதாகக் கட்டிய மோட்டார். காரியம் முடிந்த கையோடு தம்பி அதைக் கழற்றிச் செஞ்சியில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். பயிர் காய்ந்துகொண்டிருந்தது, வேறு வழி இல்லை. சான்று அழிந்துவிட்டதே என்று திரும்புகிற வழியில் அந்தக் கடைக்குப் போனேன். காயில் கட்டுகிறவர் எண்ணெய் படிந்த நீள நோட்டு ஒன்றைப் புரட்டினார். வருகிற ஒவ்வொரு மோட்டாரையும் சீரிஸ் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன கோளாறு என்று எழுதிவைப்பது அவர் வழக்கம். தேதிக்கு நேரே ஊர்ப் பெயர், ஐந்து எச்.பி., பக்கத்தில் இரண்டு சொல்: "பாடி ஷார்ட்". காயிலின் காப்பு கெட்டு, மின்சாரம் மோட்டாரின் இரும்பு உடம்புக்கே வந்துவிட்டது என்று பொருள்.

அவர்தான் இன்னொன்றையும் கேட்டார். "பைப்பு இரும்பா, பி.வி.சி.யா சார்?" எனக்கு அந்தக் கேள்வியின் எடை முதலில் புரியவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை முந்தின கோடையில்தான் மாற்றியிருந்தார்கள். இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் பி.வி.சி. போட்டார்கள். "அதான் சார். இரும்பு பைப்பு இருந்த வரைக்கும் அதுவே எர்த்து மாதிரி வேலை செஞ்சிருக்கும். கெணத்துத் தண்ணியில முங்கிக்கினு இருக்குது இல்ல? பி.வி.சி. போட்டதும் அது போச்சு. அப்புறம் எர்த் கம்பி ஒண்ணுதான் காப்பாத்தணும்." எர்த் கம்பியோ மண்ணுக்குப் பக்கத்தில் துருவேறி அறுந்து, எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியாமல் கிடந்தது. கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டிய எர்த் குழியின் மேல் விறகு அடுக்கியிருந்தார்கள். இத்தனை வருஷம் ஷாக் அடிக்காததற்கும் அன்று அடித்ததற்கும் காரணம் அந்தக் குழாய் மாற்றம்தான். பொறியியல் பட்டம் ஏதும் இல்லாத அந்த மனிதர் கடை வாசலில் நின்று சொன்னதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதி வாங்கினேன். நோட்டின் அந்தப் பக்கம் எங்கள் தரப்பு ஆவணமாகத் தாக்கலாயிற்று.

மிச்சம் இருந்தவை மருத்துவ வாதங்கள் இரண்டும். நுகர்வோர் மன்றத்தில் பெரும்பாலும் வாக்குமூலங்களை வைத்தே முடித்துவிடுவார்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். சட்டத்தில் அதற்கு அதிகாரம் உண்டு என்று மனுப் போட்டு, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரை வரவழைத்தேன். வட்ட அரசு மருத்துவமனையில் அன்று பணியில் இருந்த இளம் டாக்டர். நேர்மையானவர். காயம் இல்லை, அதனால் காயம் இல்லை என்று எழுதியிருந்தார். போலீஸ் கொடுத்த கோரிக்கைத் தாளில் "மயங்கி விழுந்து இறந்தவர்" என்று இருந்ததால், மின்சாரத்தைத் தேடவேண்டும் என்று அவருக்குத் தோன்ற இடமே இருக்கவில்லை.

"மின்சாரம் தாக்கி இறந்தவர் உடலில் தீக்காயம் இருந்தே ஆகவேண்டுமா டாக்டர்?"

"கட்டாயம் இல்லை சார். உயர் அழுத்தக் கம்பி என்றால் கருகிவிடும். வீட்டு மின்சாரத்தில், தோல் நனைந்திருந்து, தொட்ட பரப்பும் பெரிதாக இருந்தால் அடையாளமே இல்லாமல் போகலாம். குளியலறைச் சாவுகளில் இதைப் பார்க்கிறோம்."

"ஏன் அப்படி?"

அவர் மன்றத்தாரைப் பார்த்து விளக்கினார். அவர் சொன்னதையும் நான் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மின்சாரத்துக்கு உடம்பில் பெரிய தடை தோல்தான். காய்ப்பேறிய உலர்ந்த உள்ளங்கை பல்லாயிரம் ஓம் தடை கொடுக்கும். அந்தத் தடையோடு மோதும்போதுதான் தொட்ட இடத்தில் சூடு பிறந்து, நடுவில் குழிந்து ஓரம் தூக்கிய வெளிறிய தழும்பு விழுகிறது. தோல் ஊறி நனைந்துவிட்டால் கையிலிருந்து கால் வரை மொத்தத் தடையே 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது தோல் எரியாது, மின்சாரம் தடையில்லாமல் உள்ளே போய்விடும். காயத்தை உண்டாக்குகிற தடையேதான் உயிரையும் காக்கிறது. ஆகவே நனைந்த உடலில் காயம் இல்லை என்பதை மின்சாரம் பாயவில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். அது எவ்வளவு என்பதை உடம்பின் கணக்கில் பார்க்கவேண்டும். 1 மில்லி ஆம்பியரில் விரலில் லேசாகச் சுரணை தட்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சீல் என்ற பேராசிரியர், பிடித்ததை விடமுடியாமல் போகும் எல்லை எது என்று தன்னார்வலர்களை வைத்துப் பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு அதைவிடவும் குறைவு. முன்கையில் விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவை. மின்சாரம் இரண்டையும் ஒருசேர இறுக்கும்போது மடக்குகிற தசை வெல்கிறது, கை மூடிக்கொள்கிறது. மின்சாரம் மனிதனை இழுத்துப் பிடிக்கிறது என்று ஊரில் சொல்வது இதைத்தான். இன்னும் கொஞ்சம் ஏறினால் மார்புத் தசைகளும் இறுகி மூச்சு நின்றுவிடும். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் மார்பு வழியாக ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ போனாலே இதயத்தின் கீழறைகள் ஒழுங்கு தவறிவிடக்கூடும். "உலை கொதிக்கிற மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும் சார். ஆனால் ரத்தத்தைத் தள்ளாது" என்றார் டாக்டர். பத்துப் பதினைந்து விநாடியில் நினைவு போகும்.

"அப்படித் துடித்து நின்ற இதயத்தை அறுத்துப் பார்த்தால் அதில் ஏதாவது தெரியுமா?"

"தெரியாது. அதற்கென்று தனியாக அடையாளம் எதுவும் கிடையாது."

"இறந்தவரின் தமனியில் இருந்த அடைப்பு?"

"ஓரளவுதான். புதிதாக ரத்தக்கட்டி எதுவும் இல்லை. இதயத் தசை செத்ததற்கான குறியும் இல்லை. இந்த வயதில் வேறு காரணத்தால் இறந்தவர்களிடமும் இந்த அளவு அடைப்பைப் பார்க்கிறோம்."

"மெயினை இறக்கிய பிறகுதான் கை வால்வை விட்டது என்று தம்பி சொல்கிறார். மாரடைப்பில் அப்படி நடக்குமா?"

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது உண்மையென்றால், அது மின்சாரம்தான்" என்றார். "இந்த விவரம் அன்றைக்கே என்னிடம் வந்திருந்தால் கை கால் தோலில் துண்டு எடுத்து அனுப்பியிருப்பேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் தம்பியை ஆதாயம் கருதும் சாட்சி என்றார். முதல் புகாரில் சொல்லாததைப் பிறகு கட்டிச் சேர்த்ததாகச் சொன்னார். அப்பா பெயரில் இருந்த இணைப்பின் கதையைத் தம்பி வாயாலேயே மன்றத்தில் சொல்லவைத்தேன். மறைத்ததை மறைக்காமல் சொன்னதுதான் அவருக்குப் பலமாயிற்று என்பது என் எண்ணம். காயில் கடை நோட்டோ எந்தத் தரப்பையும் சார்ந்தது அல்ல. அது எழுதப்பட்ட நாளில் இப்படி ஒரு வழக்கு வரும் என்று எழுதியவருக்குத் தெரியாது.

பாலிசியின் வாசகத்திலும் ஒரு பிடி இருந்தது. வெளியிலிருந்து வந்த, வன்மையான, கண்ணுக்குத் தெரிகிற காரணத்தால் மரணம் நேர்ந்திருக்க வேண்டும் என்பது விபத்துக் காப்பீடுகளில் வழிவழியாக வரும் நிபந்தனை. கண்ணுக்குத் தெரிய வேண்டியது காரணமே தவிரக் காயம் அல்ல என்று வாதிட்டேன். காப்பு கெட்ட மோட்டாரும் அறுந்த எர்த் கம்பியும் எவர் கண்ணுக்கும் தெரியக்கூடியவை. சந்தேகத்துக்கு இடமான வாசகத்தை அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே படிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1966இலேயே சந்த்மல் ஜெயின் வழக்கில் சொல்லியிருப்பதையும் எடுத்துக்காட்டினேன். நிறுவனங்கள் கேட்கும் கேள்வியே தவறு என்று நான் சொல்லமாட்டேன். பிற்பாடு 2019இல் அல்கா சுக்லா வழக்கில், மோட்டார் சைக்கிளில் போகும்போது மாரடைப்பு வந்து விழுந்து இறந்தவருக்கு விபத்துப் பலன் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு. விபத்துக்கும் சாவுக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அந்தத் தொடர்பைத் தேட வேண்டிய கடமை நிறுவனத்துக்கும் உண்டு. இந்த வழக்கில் அவர்கள் ஆளை அனுப்பி மோட்டாரையும் பார்க்கவில்லை, ஊராரிடமும் விசாரிக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து ஒரு அறிக்கையில் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கோப்பை மூடினார்கள்.

மன்றம் எங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. காப்பீட்டுத் தொகை, வட்டி, செலவு. நிறுவனம் சென்னையில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்தது. அங்கும் நிலைத்தது.

டாக்டரின் சாட்சியம் முடிந்த அன்று, மன்றத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மா என்னைக் கேட்டதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. "இதயம் துடிச்சிக்கினுதான் இருக்கும்னு டாக்டர் சொன்னாரே ஐயா. நாங்க உள்ளங்கை உள்ளங்காலைத்தான் தேய்ச்சிக்கினு இருந்தோம். நெஞ்சை அமுக்கியிருந்தா பொழைச்சிருப்பாரா?"

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. தம்பி போய்ப் பார்த்தபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்பது யாருக்கும் தெரியாது, நேரம் ஆகியிருந்தால் எதனாலும் பலன் இருந்திருக்காது என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் வேறொரு உண்மையும் இருக்கிறது. நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறை பிறந்ததே மின்சாரத்தால் சாகிறவர்களைக் காப்பாற்றும் முயற்சியில்தான். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த வில்லியம் கவன்ஹோவன் டாக்டர் அல்ல, மின் பொறியாளர். கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் செத்துக்கொண்டிருந்ததால் மின் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியில் இறங்கினார். 1960இல் அவரும் இரண்டு சகாக்களும், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று எழுதினார்கள். நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். முதலில் மெயினை இறக்க வேண்டும்; அதற்கு முன் தொட்டால் தொட்டவரும் போய்விடுவார். அந்தத் தம்பி தோளைத் தொட்டுத் தப்பியது அவர் கால் உலர்ந்திருந்ததால் என்றே நினைக்கிறேன். இந்த முதலுதவி எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மின்சாரம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்ததோ அங்கெல்லாம் இந்த அறிவும் கூடவே போயிருக்க வேண்டும்.

இப்போது இப்படிப்பட்ட சாவு என்று யாராவது போன் செய்தால், உடலை எடுக்கும் முன்பே நான் சொல்வது: புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இணைப்பு யார் பெயரில் இருந்தாலும் எழுதுங்கள், பெயர் மாற்றத்துக்கு வேறு வழி உண்டு. மின் ஆய்வாளருக்குத் தகவல் போகட்டும்; 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. அவர் பார்க்கும்வரை மோட்டாரையோ ஒயரையோ தொடவேண்டாம், தண்ணீருக்குப் பக்கத்துக் கிணற்றைக் கேளுங்கள். அறுவைக்குப் போகும் டாக்டரிடம் யாராவது ஒருவர் நேரில் போய், கை எதைப் பிடித்திருந்தது, கால் எங்கே இருந்தது, தரை ஈரமா என்பதைச் சொல்லிவிடுங்கள்.